பேச்சிமுத்து தன்னந்தனியாகத் திருச்செந்தூர் போனது

கோணமடை என்று ஒரு ஊர். தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்தான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்த மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் வந்த புத்தி ஏனோ இந்த ஊர் மடையில் மட்டும் அடைத்துக்கொண்டது. மற்றபடி நல்ல மனிதர்கள். யாருக்கும் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டுமே.

அந்த ஊரில் பேச்சிமுத்து, பலவேசம், மாடசாமி, வயனப்பெருமாள் என்று நான்கு இளவட்டங்கள் இருந்தார்கள். எங்கே போனாலும் நான்கு பேரும் ஒன்றாகத்தான் போவார்கள். மாடசாமிக்குப் பல்வலி வந்தபோது நான்கு பேரும் டாக்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். "யாருக்கய்யா வலி?" என்று டாக்டர் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "வாயத் தொறந்து வச்சிக்கிட்டு எப்படில பேச முடியும்? படிச்சவருக்கு இது தெரியல" என்று வெளியே வந்து பலவேசம் வருத்தப்பட்டான். நால்வரில் யோசிக்கிறவன் அவன்தான்.

ஒரு மார்கழிக் காலையில் தளவாயின் டீக்கடை வாசலில் ஒரு வெளியூர்க்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள் தொங்கின. நான்கு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கூட வந்தவங்க எங்கண்ணே?" என்று மாடசாமி கேட்டான்.

"யாருமில்லீங்க. கோயம்புத்தூர்ல இருந்து தனியாத்தான் வர்றேன். கன்னியாகுமரிக்குப் போறனுங்க."

"அங்கன என்ன சோலி?"

"சோலியெல்லாம் இல்லீங்க. சும்மா. தனியா சைக்கிள் மிதிச்சுட்டுப் போனா நல்லா இருக்கும்."

வயனப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்ல எதும் சண்டையாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

 பேச்சிமுத்து மட்டும் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிய உருக்குக் குழாய்கள், மயில்கழுத்து நீலம். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். எங்கே ஒட்டினார்கள் என்றே தெரியவில்லை. வந்தவர் சிரித்தார். "மிஷின்ல வந்ததில்லீங்க. கையால வெட்டி, அராவி, பத்தவச்சு, என் உடம்புக்கு அளவெடுத்துச் செஞ்சது. உங்க டவுன்லதான், மரியசெல்வின்னு ஒரு அம்மா செய்யுறாங்க." பேச்சிமுத்துவுக்கு அந்தச் சைக்கிள் மேல் ஆசை வந்துவிட்டது. அவன் வாழ்க்கையில் அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அது தளவாயின் மகள் உலகம்மை.

உலகம்மை அப்போது கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். "ஒத்த மனுசன், ஊரு ஊராப் போறாரு. நம்மூர்லயும் ஒருத்தன் இருக்கான், முடிவெட்டப் போறதுன்னாலும் மூணு பேரு கூடப் போவணும்" என்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். அன்று பேச்சிமுத்துவுக்கு வந்த வடை மட்டும் கருகியிருந்தது.

அவனுக்குச் சுருக்கென்றது. எழுந்து தளவாய் முன்னால் போய் நின்றான். மற்ற மூவரும் எழுந்து போய் நின்றார்கள். "மாமா, உலகம்மையக் கட்டிக்கிடுதேன்" என்றான்.

தளவாய் டீயை ஆற்றியபடியே நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார். "யாரு, நாலு பேருமா? ஏல, முறைமாப்பிள்ளதான், இல்லங்கல. ஆனா தென்காசிலருந்து ஒரு எடம் கேட்டு வந்திருக்கு. தைப்பூசத்துக்கு மறுநா பதில் சொல்லணும். அதுக்குள்ள நீ ஒத்தையா, தன்னந்தனியா, சைக்கிள்ல திருச்செந்தூர் போயி கடல்தண்ணி ஒரு பாட்டில் கொண்டா. கொண்டாந்தா பொண்ணு உனக்கு. இல்லாட்டித் தென்காசிக்கு."

அன்றே ஒரு கன்றுக்குட்டியை விற்று நான்கு பேரும் டவுனுக்குப் போனார்கள்.

மரியசெல்வி அக்காவின் பட்டறையில் முன்பக்கம் வீட்டு கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் சாய்த்து வைத்திருக்கும். பின்பக்கம்தான் சைக்கிள் வேலை. அக்கா ஒரு நூலை எடுத்துப் பேச்சிமுத்துவின் கால், கை, இடுப்பு எல்லாவற்றையும் அளந்து முடிச்சுப் போட்டாள். சில வாரம் கழித்து வண்டியைக் கொடுக்கும்போது புத்திமதியும் சேர்த்துக் கொடுத்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"இது உன் உடம்புக்குன்னே செஞ்ச வண்டி தம்பி. எளச்சாலும் பெருத்தாலும் இது உனக்கு ஒட்டாது. பெறகு, உருக்கு பேசும் கேட்டியா. அது சொல்லுதத காதுகுடுத்துக் கேட்டு ஓட்டு."

நான்கு பேரும் பயபக்தியோடு தலையை ஆட்டினார்கள். அளவெடுத்த நூலைப் பலவேசம் கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டான்.

புறப்படுகிற அன்று பெரிய விவாதம் நடந்தது.

"இவன் தனியாப் போவணும். சரி. தனியாத்தான் போனான்னு யாருக்குத் தெரியும்?" என்றான் பலவேசம்.

"வழியில எவனாவது கூட வந்து ஒட்டிக்கிட்டா?" என்றான் வயனப்பெருமாள்.

"இவன் வாயத்தொறந்து வேண்டாம்னு சொல்ல மாட்டானே" என்றான் மாடசாமி.

"அப்போ ஒண்ணுதான் வழி. நம்ம மூணு பேரும் கூடவே போவோம். ஒருத்தன் கூட இவன் கூட வராமப் பாத்துக்கிடுவோம்" என்று முடிவு சொன்னான் பலவேசம்.

பேச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு சிநேகிதம் யாருக்குக் கிடைக்கும்? அவன் புதுச் சைக்கிளில் முன்னால் போனான். பின்னால் மாடசாமியின் பழைய டிவிஎஸ் வண்டியில் மூவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனார்கள்.

ஊர் எல்லையைத் தாண்டி ஒரு இறக்கத்தில் பேச்சிமுத்து மிதிப்பதை நிறுத்தினான். உடனே சைக்கிள் டிக் டிக் டிக் என்றது. திரும்ப மிதித்தான், சத்தம் நின்றது. அவன் பயந்துபோய் இறங்கிவிட்டான்.

"ஏல, வண்டி பேசுது."

நால்வரும் குத்தவைத்து யோசித்தார்கள். "மிதிச்சா பேசாம இருக்கு. நிறுத்துனா பேசுது. அப்ப என்ன சொல்லுது?" என்று பலவேசம் கேட்டான்.

மாடசாமிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "வேலை செய்யுதவன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சும்மா இருக்கவனத்தான் ஏசுவாவ. இது ஏசுதுல."

அதற்குப் பிறகு பேச்சிமுத்து மிதிப்பதை நிறுத்தவேயில்லை. இறக்கத்திலும் மிதித்தான். வழியில் ஒரு கடையில் டீ குடிக்க நின்றபோது ஸ்டாண்ட் போட்டு, ஏறி உட்கார்ந்து, மிதித்துக்கொண்டே குடித்தான். கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்க தம்பி போற?" என்றார். "திருச்செந்தூர்" என்றான். "இப்படியேவா?" என்றார்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் கஷ்டம். நான்கு இட்லி சாப்பிட்டவுடன் பலவேசம் நூலை எடுத்து இடுப்பை அளந்தான். முடிச்சு சேரவில்லை. "பெருத்துட்டான். வண்டி ஒட்டாது" என்று அறிவித்தான். பேச்சிமுத்துவை ஓட்டலைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஓடி வந்ததும் அளந்தார்கள்; நூல் தொளதொளவென்று இருந்தது. "எளச்சுட்டான்" என்று இன்னொரு இட்லி வைத்தார்கள். முடிச்சு சரியாகச் சேருகிறவரை இப்படியே ஓட்டமும் இட்லியுமாகப் போயிற்று. பெருப்பானேன், இளைப்பானேன் என்று பேச்சிமுத்து நொந்துகொண்டே ஓடினான், நொந்துகொண்டே தின்றான். உலகம்மைக்காக எதையும் தாங்குகிற மனநிலையில் இருந்தான்.

தைப்பூச நேரம் என்பதால் அதற்கப்பால் சாலை முழுக்கப் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள். முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். வயனப்பெருமாள் டிவிஎஸ்ஸிலிருந்து குதித்து ஓடி, "சாமிமாரே, கொஞ்சம் தள்ளிப் போங்க. இவன் தனியாப் போறான்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"நாங்களும் எங்கபாட்டுக்குத்தான தம்பி போறோம்" என்றார் ஒரு சாமி.

"அப்ப எல்லாரும் தனித்தனியாத் தள்ளிப் போங்க."

யாரும் கேட்கவில்லை. மறுபடியும் விவாதம் நடந்தது. அறிமுகம் இல்லாதவன் பக்கத்தில் வந்தால் அது கூட வந்ததாகாது என்று பலவேசம் தீர்ப்புச் சொன்னான். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சாமி பேச்சிமுத்துவிடம் ஒரு வாழைப்பழத்தை நீட்டி, "உம்ம பேரு என்ன?" என்று கேட்க, அவனும் சொல்லித் தொலைத்துவிட்டான். போச்சு. அறிமுகம் ஆகிவிட்டது. அந்தச் சாமி முதலில் எந்தப் புளியமரத்தடியில் பக்கத்தில் வந்தாரோ அந்த மரம் வரைக்கும் பேச்சிமுத்து திரும்பிப் போய், மறுபடியும் அங்கிருந்து வரவேண்டியதாயிற்று. பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை நூல் அளந்து ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தான்.

இவ்வளவு அலைச்சலில் டிவிஎஸ்ஸில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று.

மூவரும் நடுரோட்டில் நின்றார்கள். பேச்சிமுத்துவை மட்டும் அனுப்பினால் அவன் தனியாகப் போகிறானா என்று பார்க்க ஆள் இருக்காது. கடைசியில் மாடசாமி வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்துச் சைக்கிளின் பின்னால் கட்டினான்.

"நான் உங்களையும் இழுத்துட்டுப் போனா அது எப்படித் தனியாகும்?" என்று பேச்சிமுத்து கேட்டான். அன்று முழுக்க அவன் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

பலவேசம் கண்ணை மூடி யோசித்தான். "ஒருத்தன் வண்டில நெல்லு மூட்ட ஏத்திட்டுத் தனியாப் போறான். யார் கூடப் போனன்னு கேட்டா, மூட்ட கூடப் போனேன்னு சொல்லுவானா? மாட்டான். நாங்க இனிமே மூட்ட. மூட்ட பேசாது, எறங்காது, தள்ளாது."

சொன்னபடியே அவர்கள் பேசவில்லை, இறங்கவில்லை, மேட்டில்கூடத் தள்ளவில்லை. பேச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். மரியசெல்வி அக்கா பத்தவைத்த உருக்கு, சும்மா சொல்லக்கூடாது, ஒரு முனகல் முனகாமல் மூன்று தடியன்களையும் ஒரு டிவிஎஸ்ஸையும் திருச்செந்தூர்க் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. முனகினதெல்லாம் பேச்சிமுத்துதான்.

கடலைப் பார்த்ததும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். மாடசாமிக்கு அப்போதுதான் ஒரு கவலை வந்தது. "மாமா கடையில வெந்நிதான் குடுப்பாவ. அவியளுக்குப் போயி பச்சத்தண்ணியக் குடுக்கவா? காச்சிக் கொண்டு போவோம்."

ஒரு டீக்கடையில் சட்டி கேட்டு வாங்கிக் காய்ச்சினார்கள். வயனப்பெருமாள் ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்து, "உப்புக் கரிக்குல. இன்னும் காச்சணும்" என்றான். காய்ச்சக் காய்ச்சக் கரிப்பு ஏறிக்கொண்டே போனது. விடாமல் காய்ச்சினார்கள். கடைசியில் சட்டியில் தண்ணீரே இல்லை. அடியில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டிப் பாட்டிலில் போட்டுக்கொண்டு, வந்தபடியே கயிறு கட்டி ஊர் திரும்பினார்கள்.

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை. டீக்கடைக்குள் தென்காசிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வந்து நின்ற பேச்சிமுத்து பாட்டிலை நீட்டினான்.

தளவாய் குலுக்கிப் பார்த்தார். "இது உப்பு. இது என் கடையிலயே கெடக்கு. நீ திருச்செந்தூர் போனங்கறதுக்கு என்ன சாட்சி?"

"நாங்க சாட்சி" என்று மூவரும் முன்னால் வந்தார்கள். "கெளம்புனதுலருந்து திரும்புறவரைக்கும் ஒரு நிமிசம் கூட விடாம இவன் கூடவே இருந்தோம் மாமா. இவன் தன்னந்தனியாத்தான் போனான். ஒரு பய கூட வரல."

தளவாய்க்கு முகம் சிவந்துவிட்டது. தென்காசிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

உலகம்மை அதற்குள் வெளியே போய்ச் சைக்கிளையும் கயிற்றையும் டிவிஎஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்தாள். "ஏம்ப்பா, மேட்டுல இவங்க எறங்கித் தள்ளுனாங்களான்னு கேளுங்க."

"மூட்ட எப்படித் தள்ளும்?" என்றான் பலவேசம் கோபமாக.

"கேட்டீங்களா? இந்த மூணு தடியனையும் வண்டியோட திருச்செந்தூர் வரைக்கும் இழுத்துட்டுப் போயி, திரும்ப இழுத்துட்டு வந்திருக்கான், ஒரு பய கை குடுக்கல. ஒத்தையா ஒரு குடும்பத்த இழுக்க இதவிட என்ன வேணும்? எனக்கு இவன்தான் வேணும்."

சொல்லிவிட்டுப் பேச்சிமுத்துவுக்கு ஒரு வடை கொடுத்தாள். பொன்னிறமாக இருந்தது. அவன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தென்காசிக்காரர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

தளவாய் தாடையைத் தடவினார். "சரி. ஆனா ஒண்ணு. கல்யாணம் முடிஞ்ச கையோட டவுன்ல தனிக்குடித்தனம். அந்த வீட்டுல நீயும் என் மவளும் மட்டுந்தான். மூணாவதா ஒரு ஆளு காலடி எடுத்து வைக்கப்பிடாது."

"அத எங்ககிட்ட விட்டுருங்க மாமா" என்றார்கள் மூவரும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. டவுனில் மரியசெல்வி அக்கா பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். சாமான்களை முந்தினநாளே மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கி வைத்தாயிற்று. பால் காய்ச்சுகிற அன்று காலையில் பேச்சிமுத்து உலகம்மையைத் தன் நீலச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, ஒரு நொடிகூட மிதிப்பதை நிறுத்தாமல் வந்து சேர்ந்தான். பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள். உலகம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பானை, குடம், பாத்திரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவள் மூலையில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, எங்க அப்பா அரிசி ஒரு மூட்டதான குடுத்தாவ. இங்கன நாலு இருக்கு?"

பேச்சிமுத்துவும் வந்து எண்ணிப் பார்த்தான். நான்குதான் இருந்தது. "உள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டான்.

ஓரத்தில் இருந்த மூட்டை மெல்ல அசைந்து சொன்னது: "மூட்ட பேசாது மதினி."