சடைச்சியின் ஓட்டை இலை

மழை பிடித்துப் பத்து நாளாயிற்று. சடைச்சி என்ற முள்ளம்பன்றி வாயில் ஒரு தேக்கிலையைக் கவ்விக்கொண்டு மலைக்குகைக்கு நடந்தாள். இது மூன்றாவது நடை. போக அரை நாள், வர அரை நாள். நான்கு காலும் கெஞ்சின.

அந்தக் குகைதான் கரடியாரின் கிடங்கு. கோடையில் அவர் காடெல்லாம் சுற்றி வந்து, "உங்க கிழங்கை எங்கிட்ட வையுங்க! மழைக்காலத்துல ஒரு இலையில கால் தடம் பதிச்சுக் கொண்டாந்தா திருப்பி வாங்கிக்கலாம். பத்துக்கு ஒண்ணு எனக்குக் கூலி!" என்று சொல்லியிருந்தார். நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. சடைச்சி பத்து வள்ளிக்கிழங்கை உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

கிழங்கை வாங்கிக்கொண்ட கிடங்குக்காரர்கள் ஒரு மரப்பட்டையை அவள் முன்னால் நீட்டினார்கள். 'கொண்டுவரும் இலை முழுமையாகவும் ஏற்கத்தக்கதாகவும் இருந்தால் கிழங்கு தரப்படும்' என்று அதில் கீறியிருந்தது. முழுமை என்றால் என்ன என்று அவள் கேட்டாளா? கேட்கவில்லை. இலை என்றால் இலைதானே என்று நினைத்தாள். சேற்றில் காலை நனைத்துப் பட்டையில் பதித்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது வளை முழுக்க வெள்ளம். இரண்டு குட்டிகளையும் ஒரு பாறை இடுக்கில் ஒதுக்கி வைத்திருந்தாள். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அந்தக் கிழங்கு வராவிட்டால் குட்டிகள் பிழைக்காது.

முதல் நடையில், கிடங்குக் கணக்கரான தேவாங்கு இலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிட்டது.

"இதுல ஓட்டை இருக்கே அம்மா!"

"புழு கடிச்சது ஐயா. என் கால் தடம் தெளிவாத்தானே இருக்கு?"

"முழுமை இல்லை. போயிட்டு வாங்க!"

"அந்த இலையையாவது குடுங்க."

"தள்ளுபடி இலையைத் திருப்பித் தர்றதில்லை!" என்று அதைப் பின்னால் எறிந்தார். அங்கே முயல், அணில், காட்டுப்பன்றி என்று யார் யாரோ கொண்டுவந்த இலைகள் குவிந்து கிடந்தன.

இரண்டாவது நடையில் ஓட்டை இல்லாத இலையைக் கொண்டுபோனாள்.

"சாட்சித் தடம் எங்கே?" என்றார் கணக்கர்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"அன்னைக்கு ஓட்டையைப் பார்த்தேன். ஒரு நடைக்கு ஒரு குறைதான் பார்க்கிறது!"

கேட்டீர்களா நியாயத்தை! சடைச்சி வந்த வழியே திரும்பினாள். ஒரு கீரியைத் தேடிப்பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, அதன் தடத்தையும் வாங்கினாள். அதற்கே ஒன்றரை நாள் போயிற்று.

அந்த இலையைத்தான் இப்போது கொண்டுவந்திருந்தாள். கணக்கர் முகர்ந்து பார்த்தார்.

"வாடியிருக்கே! பச்சையா இருக்கணும்!"

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எப்படி இருந்தா முழுமை, எப்படி இருந்தா ஏற்கத்தக்கது? பட்டையில போட்டிருக்கா? கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

கணக்கர் உள்ளே போய்ப் பட்டையை எடுத்துவந்து, அதன் பின்பக்கத்தைத் திருப்பி நிதானமாக வாசித்தார். "முழுமை என்பது, கிடங்கு முழுமை என்று கருதுவது. ஏற்கத்தக்கது என்பது, கிடங்கு ஏற்பது."

"அப்போ எத்தனை இலை கொண்டாந்தாலும்?"

"கிடங்கு ஏத்துக்கிட்டா ஏத்துக்கும்!"

சடைச்சிக்கு அழக்கூடத் தெம்பில்லை. குட்டிகளிடம் வெறும் வாயோடு போய் நிற்கவும் மனம் வரவில்லை. குகை வாசலிலேயே உள்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். குளிரில் முட்களெல்லாம் தாமாகவே விரிந்து நின்றன. ஒரு கரடி நுழையும் அகலம்தான் அந்த வாசல். அது முழுக்க அடைபட்டுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரையிலிருந்து பலாப்பழம் வெடித்த வாசனை வந்தது. குகைக்குள் படுத்திருந்த கரடியார் எழுந்து வேகமாக வாசலுக்கு வந்தார்.

"ஐயோ, என் மூக்கு! ஏய், வழி விடு!"

சடைச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளியே போகணும்னா ஒரு இலை குடுங்க கரடியாரே," என்றாள்.

"என்ன இலை?"

"முழுமையாவும் ஏற்கத்தக்கதாவும் இருக்கணும். எது ஏற்கத்தக்கதுன்னு நான் சொல்றேன்!" சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

குகைக்குள் மரமா இருக்கிறது? அந்தக் குவியல்தான் இருந்தது. கணக்கர் ஓர் இலையை எடுத்து முட்களுக்கு மேலாக அவள் கண்ணில் படும்படி நீட்டினார்.

"இது முயலோடது. ஒரே தடம்தான் இருக்கு. சாட்சி இல்லேன்னு நீங்களே தள்ளினது."

இன்னொன்றை நீட்டினார்.

"இது வாடிப்போச்சு ஐயா."

பலா வாசனை இன்னும் கூடியது. கரடியாருக்குப் பொறுக்கவில்லை. குவியலில் கையை விட்டு ஒன்றை உருவினார்.

"இந்தா, இதைப் பிடி! இதுக்கு என்ன குறைச்சல்? ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதானே! தடம் தெளிவா இருக்கு. இது போதும்!"

சடைச்சி மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நெசமாவே போதுமா கரடியாரே?"

"போதும் போதும்னு சொல்றேனே!"

"கணக்கரே, முதலாளி சொன்னது காதுல விழுந்துச்சா? அது என்னோட முதல் இலை. என் கிழங்கை எடுத்துட்டு வாங்க!"

கணக்கர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஆற்றங்கரைப் பக்கம் பார்த்தார்.

"குடுத்துத் தொலைய்யா!"

தேவாங்கு ஓடியதை அன்றைக்குத்தான் காடு பார்த்தது. கூலி போக ஒன்பது கிழங்கு வந்தது. அதில் நான்கு, காத்திருந்து காத்திருந்து அழுகிப்போயிருந்தன. சண்டை போட அவளுக்குச் சக்தியில்லை. நல்ல ஐந்தையும் உருட்டிக்கொண்டு மலையிறங்கினாள். வழியில் நனைந்துகொண்டு நின்ற முயலிடம், "ஓட்டை இலையே போதுமாம். முதலாளியே சொல்லிட்டாரு, போய்க் கேளு!" என்று மட்டும் சொன்னாள்.

குட்டிகள் கறுக் கறுக்கென்று கிழங்கைக் கடித்தன. தன் பங்கைத் தொடக்கூட முடியாமல் சடைச்சி அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.

எது போதும் என்பதைக் கொடுக்கிறவரே முடிவு செய்யும் ஒப்பந்தத்தில் வாங்க வருகிறவர் எதைக் கொண்டுவந்தாலும் போதாது. ஆகவே காலைப் பதிப்பதற்கு முன்பே, போதும் என்றால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.