முட்டை என்றால் என்னவென்று தெரியாத நடுவர்

ஏரிக்கரைப் பொந்து ஒன்றில் ஒரு கீரியம்மா குடியிருந்தாள். அவளுக்கு இன்னும் கண்கூடத் திறக்காத குட்டிகள் இருந்தன. சித்திரை மாத வெயில். அந்தக் காட்டில் அந்த ஏரியை விட்டால் வேறெங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஒரு காலையில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் கானாங்கோழி அலறிக்கொண்டு ஓடி வந்தது. சத்தம் கேட்டு மற்ற மிருகங்களும் கூடிவிட்டன.

"ஐயோ, விடியுறதுக்குள்ள என் முட்டையை எல்லாம் யாரோ தின்னுட்டாங்களே! ஏய் கீரி, உன் மீசை ஏன்டி ஈரமா இருக்கு?"

"தண்ணி குடிச்சா மீசை நனையாம என்ன செய்யும்?"

"பார்த்தீங்களா, எதிர்த்துப் பேசுறா! இவதான்!"

இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா என்ன? வழக்கு தொடங்கிவிட்டது. குற்றம் உறுதியானால் கீரியம்மா குட்டிகளோடு ஏரியை விட்டே போய்விட வேண்டும். அந்த வெயிலில் பச்சைக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

காட்டெருதுதான் நீதிபதி. கொம்பும் பெரிது, குரலும் பெரிது. ஆனால் குற்றவாளியா, இல்லையா என்று முடிவு சொல்வது அது இல்லை. காட்டுவாசிகளில் ஐந்து பேரை நடுவர்களாக எடுத்து, சத்தியம் வாங்கி, அவர்களிடம் விட்டுவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். என்ன ஒன்று, அந்த ஐந்து பேரைப் பொறுக்குவது காட்டெருது!

"நடுவர் ஆகிறவருக்கு இந்த வழக்கைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது! ஒன்றும் என்றால் ஒன்றும்!" என்று அது முழங்கியது.

முதலில் மைனா வந்தது. "ஐயா, கீரியக்கா விடியுற வரைக்கும் பொந்துலதான் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. என் கண்ணால..."

"கண்ணால் பார்த்தாயா? அப்படியானால் நீ லாயக்கில்லை. போ!"

"அப்போ சாட்சியாவாவது சொல்லட்டுமா?"

"அதை நடுவர்கள் வந்த பிறகு பார்க்கலாம். இப்போது வாயை மூடு!"

அடுத்து முயல் வந்தது. "கீரியக்காவை எனக்குத் தெரியும். யார் வம்புக்கும் போகாதவங்க."

"தெரியுமா? போ, போ!"

மூன்றாவதாக நல்லபாம்பு வந்தது. "எனக்குக் கீரி மேல எந்தப் பகையும் இல்லீங்க" என்றது, விரித்த படத்தைச் சுருக்காமலே.

"ஆகா, எவ்வளவு பெருந்தன்மை!" என்று காட்டெருது உருகியது.

குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒரு நடுவரை வேண்டாம் என்று சொல்லலாம். அது அந்தக் காட்டுச் சட்டம். கீரியம்மா பதறிப்போய், "இந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம் சாமி!" என்று கும்பிட்டாள். பாம்பு போனது. கூடவே அவளுடைய உரிமையும் போனது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கியது. எந்தக் கேள்விக்கும் அசையவில்லை. "எந்தப் பக்கமும் சாயாதவர்!" என்று எடுத்துக்கொண்டார்கள். மயில், "வழக்கு கிடக்கட்டும், என் தோகை எப்படி இருக்கு?" என்று கேட்டது. அதையும் எடுத்துக்கொண்டார்கள். காட்டுப்பன்றி, "நடுவருக்குச் சாப்பாடு உண்டுங்களா?" என்றது. அதற்கும் இடம் கிடைத்தது.

தவளை வந்தது.

"நியாயமாக நடப்பாயா?"

"ஆமா!"

"அநியாயமாக நடப்பாயா?"

"ஆமா!"

"இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பேசுகிறான்! உட்கார்!"

கடைசியாக உடும்பு அடக்க ஒடுக்கமாக நடந்து வந்தது.

"உனக்கு முட்டை பிடிக்குமா?"

"முட்டையா? அது மரத்துல காய்க்குமா, கொடியில காய்க்குமா எசமான்?"

காட்டெருதுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுத்தமான நடுவரை நான் பார்த்ததே இல்லை!"

முட்டை என்ற பேச்சு வரும்போதெல்லாம் உடும்பின் நாக்கு நீண்டு நீண்டு உள்ளே போனதைக் கீரியம்மா கவனித்தாள்.

"ஐயா, அந்த அண்ணன் நாக்கைக் கொஞ்சம் பாருங்க!"

"உன் உரிமை பாம்போடு முடிந்தது, பேசாதே!"

"நாக்கு என்ன தப்பு செஞ்சுது தங்கச்சி?" என்று உடும்பு குழைந்தது. "கவலைப்படாதே. நியாயம் என் கையில பத்திரமா இருக்கும்."

நியாயம் அதன் வயிற்றில் இருக்கிறது என்று கீரியம்மாவுக்குப் பட்டது. ஆனால் பட்டதை வைத்து என்ன செய்வது?

சத்தியம் செய்யும் நேரம் வந்தது. எதைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்வது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே சொல்லலாம். எல்லோரும் வழக்கமாக ஆலமரத்தைச் சொல்வார்கள். கீரியம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"ஐயா, பறிபோனது இந்தக் கானாங்கோழியோட பிள்ளைங்க. அந்தக் கூட்டைப் பார்த்துச் சத்தியம் பண்ணட்டும்."

கானாங்கோழியின் கண் கலங்கியது. "கூடு எங்கேன்னு நீதிபதி ஐயா காதுல மட்டும்தான் சொல்லியிருக்கேன். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஐயா சொல்வாரு, அந்தப் பக்கம் திரும்பட்டும்" என்றாள் கீரியம்மா.

காட்டெருது தொண்டையைச் செருமிக்கொண்டது. அது வாயைத் திறப்பதற்குள் மயில் தன் தோகையைப் பார்த்துத் திரும்பியது. பன்றி சாப்பாடு வரும் வழியைப் பார்த்தது. தவளை குளிர்ச்சியான பக்கம் பார்த்துக் குதித்தது. ஆமை எங்கேயும் பார்க்கவில்லை. உடும்பு மட்டும் விறுவிறுவென்று திரும்பி, கரைமேல் இருந்த தாழம்புதருக்கு நேராக நின்று, கையைத் தூக்கியது.

கானாங்கோழி மூச்சைப் பிடித்துக்கொண்டதைக் கீரியம்மா பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன உடும்பண்ணே, விவரம் இல்லாத ஆளா இருக்கீங்க! கானாங்கோழி நாணல்லதானே கூடு கட்டும்? நீங்க பாட்டுக்குத் தாழம்புதரைப் பார்த்து நிக்கிறீங்களே!"

பெண்பிள்ளை ஒருத்தி சபையில் தன்னை விவரமில்லாதவன் என்றதும் உடும்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்கு விவரம் இல்லை? நாணல்ல எங்கே இருந்துச்சு? தாழம்புதர்ல, உள்பக்கத்து மட்டையில இல்ல இருந்துச்சு! முள்ளு குத்தி என் மூக்கே..."

உடும்பு நாக்கைக் கடித்துக்கொண்டது.

காட்டெருது கோபத்தில் காலை உதைத்தது. "அக்கிரமம்! இவனுக்கு வழக்கைப் பற்றித் தெரிந்திருக்கிறது! இவன் நடுவராக இருக்க லாயக்கில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடு!"

"ஐயா!" என்று கானாங்கோழி கத்தியது. "லாயக்கில்லாத நடுவர் இல்லீங்க, இவன்தான் என் முட்டையைத் தின்ன திருடன்!"

காட்டெருது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "ஓ!" என்றது.

உடும்பு நழுவப் பார்த்தது. பசியில் எரிச்சலாக நின்ற பன்றி அதன் வாலை மிதித்துக்கொண்டது. அன்றைக்கே உடும்பை ஏரியை விட்டுத் துரத்தினார்கள்.

"அவசரப்பட்டு உன்னைச் சொல்லிட்டேன் அக்கா" என்று கானாங்கோழி தலைகுனிந்தது.

"பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட நான் என்ன கோவிக்கிறது? வழியை விடு, என் குட்டிங்க பசியில கத்தும்" என்று கீரியம்மா பொந்தைப் பார்த்து ஓடினாள்.

காட்டெருது மட்டும் அங்கேயே நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது: "பார்த்தீர்களா, நான் பொறுக்கிய நடுவர் எப்படிப் பளிச்சென்று உண்மையைச் சொன்னார்!"

ஒன்றும் தெரியாதவரைத்தான் நடுவராக வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றால், எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கிறவன்தான் அந்த இடத்தில் வந்து உட்காருவான்.