பீச்சாங்கைக்குப் பொருள் சொன்ன தாண்டவன்

வெண்ணாவல்கோட்டை அரசர் இளங்கேசரியின் சபையில் தாண்டவன் என்றொரு வாய்க்காரன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் சபையே சிரிக்கும். அவனுக்கு எல்லாமே இடக்கைதான். எழுதுவதும் அதில்தான், சாப்பிடுவதும் அதில்தான். சின்ன வயதில் விரல் முட்டியில் அவன் வாங்காத அடி இல்லை. ஆனாலும் கை மாறவில்லை.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். வரவேற்கப் போன தாண்டவன் ஏதோ ஞாபகத்தில் சந்தனக் கிண்ணத்தை இடக்கையால் நீட்டிவிட்டான். தூதரின் முகம் சுருங்கிப் போயிற்று.

இதற்காகவே காத்திருந்தவர் போலத் துள்ளி எழுந்தார் அகோரலிங்கம். அரண்மனைத் தொழுவத்துக்கு அதிகாரி அவர். தாண்டவன் உட்காரும் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"அரசே, பீச்சாங்கைக்காரனைச் சபையில் வைத்திருந்தால் இப்படித்தான் மானம் போகும்! அந்தப் பேர் எப்படி வந்தது என்று சொல்லவே நா கூசுகிறது. காலையில் கொல்லைப்புறம் போய்வந்து கழுவுகிற கை!"

சபை கொல்லென்று சிரித்தது. எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த தாண்டவனுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் சுருக்கென்று தைத்தது.

தூதர் முன்னால் தலைகுனிந்த கோபம் அரசருக்கு. "தாண்டவா, மூன்று நாள் தருகிறேன். அந்தச் சொல்லுக்குக் கௌரவமான பொருள் ஒன்று சொல். அதை அகோரலிங்கமே தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் சபைப் பக்கம் தலைகாட்டாதே!"

இரண்டு நாள் தாண்டவனுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பொருளைச் சொன்னாலும் அந்த மனுஷன் தலையாட்டப் போவதில்லையே! மூன்றாம் நாள் விடிந்ததும் மனம் போன போக்கில் தொழுவத்துப் பக்கம் நடந்தான். உள்ளே அகோரலிங்கம் வேலையாளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளிப் போடா! அரசர் குடிக்கிற பாலை நான் ஒருத்தன்தான் பீச்சுவேன். வேறு யார் கையும் படக்கூடாது!"

தாண்டவன் அப்படியே நின்றான். பிறகு நேராக வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

சபை கூடியது. தாண்டவன் அகோரலிங்கத்தைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டான்.

"ஐயா, அரசர் குடிக்கிற பாலைப் பீச்சுவது நீங்கள்தானாமே?"

"ஆமாம். பத்து வருஷமாக நான்தான்!"

"எந்தக் கையால்?"

"இதென்ன கேள்வி? இரண்டு கையாலும்தான்."

"பீச்சுகிற கைதானே பீச்சாங்கை? அரசே, எனக்காவது ஒன்றுதான். ஐயாவுக்கு இரண்டுமே பீச்சாங்கை!"

சபை குலுங்கியது. அகோரலிங்கம் முகம் சிவக்கக் கத்தினார். "வார்த்தையைத் திரிக்காதே! பீச்சாங்கை என்றால் பால் பீச்சும் கை இல்லை. நான் அன்றைக்கே சொன்னேனே, அந்தக் கைதான்!"

"அப்படியா?" தாண்டவன் மெதுவாக அரசர் பக்கம் திரும்பினான். "அரசே, இன்று காலை பால் குடித்தீர்களா?"

"குடித்தேன். ஏன்?"

"ஒன்றுமில்லை. அந்தக் கையும் சேர்ந்து பீச்சிய பால். பத்து வருஷமாக..."

அரசரின் முகம் கோணியது. கை தானாக வயிற்றைத் தடவியது. மெல்ல அகோரலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

அகோரலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "இல்லை அரசே! பால் பீச்சும் கைதான்! பீச்சாங்கை என்றால் பால் பீச்சும் கை! ரொம்பச் சுத்தமான கை! சத்தியம்!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

"தாண்டவா, ஜெயித்துவிட்டாய்! உன் ஆசனம் உனக்கே. கன்றோடு ஒரு கறவைப் பசுவும் தருகிறேன், ஓட்டிக்கொண்டு போ!"

தாண்டவன் தலையைச் சொறிந்தான். "பசு சரி, அரசே. எனக்குப் பால் பீச்சத் தெரியாதே. ஐயாவையும் கூட அனுப்புங்கள். அவருக்குத்தான் இரண்டு பீச்சாங்கை இருக்கிறதே!"