தொப்புள் முடிச்சு விழுந்த கதை

அந்தக் காலத்துல ஆடு மாடு, கீரி, காக்கா எல்லாம் பேசும். மனுசன் வயித்துக்குள்ள இருக்கிறதுங்களும் பேசும். அதுங்கள விசாரிக்கிறது ஒண்ணும் பெரிய காரியமில்ல. அப்பல்லாம் வயிறு சுருக்குப்பை மாதிரிதான் இருந்துச்சு. நடுவுல ஒரு கயிறு. இழுத்தா மூடிக்கும், தளத்துனா திறந்துக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு. திறந்தா, உச்சி வெயில்ல நிழல் காலடிக்கு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் உள்ள வெச்சுக் கட்டிடணும். தப்புனா ஆள் அவ்வளவுதான்.

அந்த ஊர்ல வயித்தத் திறந்து பாக்குற வேலை சடைச்சியோடது. யாருக்கு ஈரல் பெருசு, யாருக்கு இரைப்பை சிறுசுன்னு அவளுக்கு மனப்பாடம். அவ பாக்காத வயிறு ஒண்ணே ஒண்ணுதான். அது அவ புருசன் ஒச்சப்பனோடது. கேட்டா, "எனக்குக் கூச்சம்"பான்.

அவ தங்கச்சிக்கு ஏழாம் மாசம். கொண்டுபோகப் பதினாறு அதிரசம் சுட்டுப் பானையில வெச்சிருந்தா. விடிஞ்சு பாத்தா பானை காலி. வீட்ல வளந்த கீரிக்குக் கரண்டியால ரெண்டு போட்டா.

"நான் இனிப்பே தொடமாட்டேன் தாயி," ன்னுச்சு கீரி. யாரு கேட்டா?

அன்னிக்குக் காலையிலயே ஒச்சப்பன் வயித்தப் புடிச்சுக்கிட்டு முத்தத்துல உருண்டான்.

"ராத்திரி என்னய்யா தின்ன?"

"கஞ்சி."

"வேற?"

"தொட்டுக்க வெங்காயம்."

"கயித்த விடு. திறந்து பாக்கணும்."

"வேணாம் புள்ள. செத்தாலும் பரவாயில்ல."

"செத்தா மட்டும் பாக்காம விட்டுருவேனா?"

அவன் கயித்த விட்டான்.

சடைச்சி பெரிய வாழையிலையா ஒண்ணப் போட்டு, ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு விசாரிச்சா. இருதயமும் நுரையீரலும் வேலையா இருக்கோம்னு சொல்லிருச்சுங்க. கல்லீரல் எந்திரிக்கவே இல்ல.

"நான் கனம். தூக்குனா உன் இடுப்பு புடிச்சுக்கும். கேக்குறத இங்கனயே கேளு."

குடல் அப்ப மடிச்ச சேலை மாதிரி அடுக்கா இருந்துச்சு. சடைச்சி இழுத்துக்கிட்டே போய் முருங்கை மரத்தச் சுத்தி வந்தா.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு, இழு," ன்னுச்சு குடல். "எனக்கு வலியெல்லாம் இல்ல. மேல என்ன தள்ளுறாங்களோ அதத்தான் நான் வாங்குறேன். மேல கேளு."

மேல இருந்தது இரைப்பை. முட்டிப்போய் உக்காந்திருந்துச்சு.

"உனக்கு என்ன?"

"எனக்கா? அதிரசம்."

ஒச்சப்பன் வானத்தப் பாத்தான்.

"எத்தனை?"

"பதினாறு. நின்னுக்கிட்டே தின்னாரு. மென்னாருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

கீரி மெதுவா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு தாயி. எனக்குச் சரியா காதுல விழல."

"ஆட்டுக்கு நாலு வயிறு," ன்னா சடைச்சி. "அதுகூட அசைபோட்டுத்தான்யா திங்குது."

சுக்குத் தண்ணிய இரைப்பையில ஊத்துனா. ஏப்பம் விட்டு இளகுன இரைப்பைக்குப் பேச்சு வந்துருச்சு. "இது என்ன பிரமாதம். போன மாசம் சீம்பால். உங்கம்மா வந்தப்ப நெத்திலிக் கருவாடு. இவருக்கு உடம்பு சரியில்லன்னு நீ பட்டினி கிடந்த அன்னிக்கு..."

சடைச்சி இடுப்புல கைய வெச்சுக்கிட்டு ஒண்ணுவிடாம கேட்டா. நேரம் போறது தெரியல.

"தாயி, நிழலு," ன்னுச்சு கீரி. அடி வாங்குனதுதான் சொல்லிச்சு.

குனிஞ்சு பாத்தா நிழல் பாதத்துக்குப் பக்கத்துல வந்துருச்சு. ஒச்சப்பன் முகம் வெளுத்துப்போச்சு. திருட்டுப்பயதான், ஆனா சடைச்சிக்கு இருந்த ஒரே புருசன். குடல மடிக்க நேரமில்ல. கிணத்துக் கயித்தச் சுருட்டுற மாதிரி சுருட்டித் திணிச்சா. கல்லீரல் இடம் விடாததால வலது பக்கத்துச் சிறுநீரகம் ஒரு விரக்கடை கீழ இறங்கி உக்காந்துச்சு. கடைசில இலையில புழு மாதிரி ஒரு துண்டு மிச்சம்.

"நீ எங்க இருந்த? என்ன வேலை பாத்த?"

"ஞாபகமில்ல. எனக்கு யாரும் ஒரு வேலையும் சொன்னதில்ல."

பெருங்குடல் தொடங்குற மூலையில அத ஒட்டிவிட்டா. "இங்கனயே கிட. யார் வம்புக்கும் போகாத."

இரைப்பை விடல. "பட்டினி கிடந்த அன்னிக்கு, உன் பங்கு கருப்பட்டியையும் இவருதான்..."

ஒச்சப்பன் தானே கயித்தப் புடிச்சு இழுத்தான். ஒரு முடிச்சு. அது மேல இன்னொண்ணு. நீட்டிக்கிட்டிருந்த கயித்த அருவாமனையில அறுத்தான். நுனி உள்ள போயிருச்சு. நிழல் காலடிக்கு வந்துச்சு.

"என்ன காரியம்யா பண்ணுன? இனி எப்படித் திறக்குறது?"

"திறக்காத," ன்னான் ஒச்சப்பன்.

சடைச்சி வயித்துல காத வெச்சா. உள்ளயிருந்து 'குர்ர்'ருன்னு மட்டும்தான் வந்துச்சு. விரலால அழுத்தி, "இங்க வலிக்குதா?"ன்னா. வேற வழி?

சங்கதி பரவுச்சு. சாயந்தரத்துக்குள்ள ஊர்ல இருந்த ஆம்பளைங்க எல்லாம் முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. பொம்பளைங்களும் போட்டுக்கிட்டாங்க. ஏன்னு யாரும் யாரையும் கேக்கல.

அன்னிலேருந்துதான் நம்ம வயித்துக்கு நடுவுல அந்த முடிச்சு. வைத்தியம் பாக்குறவங்க அழுத்தி அழுத்திக் கேக்குறதும், உள்ள இருக்கிறதப் படிக்க வர்ற பிள்ளைங்க ஆளு மூச்சு நின்னு இனிக் கூச்சப்பட மாட்டாருன்னு ஆனப்புறமே திறந்து பாக்குறதும் அதனாலதான். பத்துப் பேருக்கு நடுவுல வயிறு குர்ருன்னா, அது இன்னும் சொல்லி முடிக்கலன்னு அர்த்தம். மனுசங்களுக்குப் புரியாது. பக்கத்துல கீரி இருந்தா மட்டும் நின்னு திரும்பிப் பாக்கும்.