ஒரு குடம் தண்ணீர் நிற்குமா?

கொல்லிமலைச் சரிவில் ஒரு பள்ளிக்கூடம். அதன் பின்புறம் கொஞ்சம் காலி நிலம் கிடந்தது. அங்கே பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் காய்கறி போட வேண்டுமென்று சத்துணவு சமைக்கும் பொன்னுருவிக்கு ஆசை. தன் காருக்குக் கொட்டகை போட வேண்டுமென்று தாளாளர் தணிகாசலத்துக்கு ஆசை.

"இந்தச் சரிவில் தோட்டமா? ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ஓடியே போய்விடும். நிற்க வைத்துக் காட்டு, நிலத்தை விட்டுவிடுகிறேன்" என்று சிரித்தார் தாளாளர்.

பொன்னுருவி பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாள். சரிவைப் படிக்கட்டுப் போல வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கல் அடுக்கி, மண்ணைச் சமமாக நிரவிப் பாத்தி கட்டினார்கள்.

தாளாளர் வந்தார். காரையும் டிரைவரையும் மேலே, சரிவான பாதையில் விட்டுவிட்டு இறங்கி வந்தார். பொன்னுருவி ஒரு குடம் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றினாள். தண்ணீர் நின்றது.

அவர் முகம் கறுத்தது. "கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினால் அது நிற்பதாகுமா? செல்லாது!"

"சரிங்க ஐயா. கல்லு வச்சா செல்லாது. எல்லாருக்கும் அதே நியாயந்தானுங்களே?"

"பின்னே? உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா?"

பொன்னுருவி விறுவிறுவென்று மேடேறினாள். கார் உருளாமல் இருக்க டிரைவர் சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த கல்லில் கை வைத்தாள்.

"ஐயையோ, எடுக்காதே! கல் இல்லாமல் கார் எப்படி நிற்கும்?" என்று அலறினார் தாளாளர்.

"அப்போ கல்லு வச்சு நின்னாலும் நின்னதுதானுங்களே, ஐயா?"

முதலில் சிரித்தவர் டிரைவர்தான். அன்றைக்கே பிள்ளைகள் எல்லாப் பாத்தியிலும் அவரைக்காய் விதை ஊன்றினார்கள்.