புழு இல்லாத தோட்டம்

கண்டுணர்வுச் சுற்றுலா என்று விவசாயிகளை ஏற்றிவந்த பஸ், கோதண்டபாணியின் கத்தரித் தோட்டத்தில் நின்றது. மைக்கைப் பிடித்த மனுஷன் விடவே இல்லை.

“எல்லாம் நான் விக்கிற மூலிகைக் கரைசல்தான். ரசாயனம் ஒரு சொட்டுக் கிடையாது! என் இடத்துல ஒரே ஒரு புழுவைக் காட்டுங்க, ஆளுக்கொரு கேன் இனாம். காட்டாட்டி ஆளுக்கொரு கேன் வாங்கிட்டுத்தான் பஸ் ஏறணும்.”

எல்லாரும் வெயிலில் செடி செடியாகப் புரட்டினார்கள். புழு என்ன, எறும்புகூட இல்லை.

வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று அவருக்குப் பதிலாக வந்திருந்த வெள்ளைத்தாய் மட்டும் தோட்டத்துக்குள் இறங்கவே இல்லை. கை கழுவுகிற சாக்கில் கோதண்டபாணி வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அடுப்படி ஓரத்துப் பாத்தியில் ஒரு சொத்தைக் கத்தரிக்காயைப் பறித்து வந்து, அவர் முன்னாலேயே பிட்டாள். உள்ளே புழு சுகமாக நெளிந்தது.

கோதண்டபாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, அது எங்க வீட்டுச் சமையலுக்கு வச்சது! அதுல எவனாவது கரைசல் அடிப்பானா?”

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. தோட்டம் முழுக்கக் கேட்டது.

“மூலிகைதானய்யா,” என்றாள் வெள்ளைத்தாய். “உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகாதா?”

பந்தயத்தில் ஜெயித்த கேனை இனாமாகக்கூட ஒருத்தரும் பஸ்ஸில் ஏற்றவில்லை.