காலிப் பைக்குக் கிடைத்த முதல் தண்ணீர்

தாமரைக்குளக் காட்டில் மிருகங்கள் எல்லாம் பயிர் செய்து பிழைத்தன. பயிரில் ஒரு புழுவைக் கண்டால் போதும், நரியின் கடைக்கு ஓடிவிடும். நரி ஊருக்குள் போய்க் கொண்டுவந்த பூச்சிமருந்துத் தூளைப் பை பையாக விற்று வயிறு வளர்த்தது.

சிலுப்பி என்ற காட்டுக்கோழி மட்டும் அந்தக் கடைப் பக்கமே போனதில்லை. அவளுடைய தினைக்காட்டுக்குச் சருகும் சாணமும்தான் உரம். பூச்சிகளை வரப்பில் குடியிருந்த தவளைகள் பார்த்துக்கொண்டன. மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள், கொஞ்சம் கூடவே.

ஒருநாள் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன. சிங்கராஜாவும் அந்தக் குளத்தில்தான் தண்ணீர் குடிப்பார். உடனே காட்டின் மேல் அக்கறை பிறந்துவிட்டது.

"மருந்தை ஒழிக்க ஒரு திட்டம் போடுங்கள்!" என்று அமைச்சர் குயிலாருக்குக் கட்டளையிட்டார்.

குயிலார் இனிமையாகப் பேசுவார். அமைச்சர் பதவிக்கு அவரிடம் இருந்த தகுதி அது ஒன்றுதான். பிறந்ததிலிருந்து அவர் ஒரு கூடு கட்டியதில்லை, ஒரு விதை ஊன்றியதில்லை. மாமரத்து உச்சியில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லா வயலும் பச்சையாகத்தான் தெரியும்.

நான்காம் நாள் திட்டத்தைக் கூவி அறிவித்தார்.

"மருந்தைக் கைவிடும் உழவர்களுக்குக் கோடையில் குளத்து மடைத் தண்ணீரில் முதல் முறை! மருந்து அடித்தவர் என்பதற்குச் சான்றாக ஐந்து காலிப் பைகளைக் கொண்டுவர வேண்டும். இனி அடிக்கமாட்டேன் என்று கால்ரேகை வைக்க வேண்டும். கடைசி நாள் சித்திரை முதல் நாள்!"

எல்லாரும் கைதட்டினார்கள். நரி முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தட்டியது. சிலுப்பி மட்டும் கைதட்டாமல் கணக்குப் போட்டாள். கோடையில் மடைத் தண்ணீர் இரண்டாம் முறைக்கு வருவதே அபூர்வம். முதல் முறை கிடைக்காவிட்டால் தினை கதிர் பிடிக்காது. கதிர் இல்லாவிட்டால் அவளுடைய ஏழு குஞ்சுகளுக்கும் தீனி இல்லை.

அவள் நேரே மாமரத்தடிக்குப் போனாள்.

"ஐயா, நான் மருந்தே அடிச்சதில்ல. எனக்கும் முதல் தண்ணிதானே?"

குயிலார் குனிந்து பார்த்தார். "அடித்ததே இல்லையா? அப்படியானால் எதைக் கைவிடுவீர்கள், அம்மா?"

"கைவிட என்ன இருக்கு? தொட்டாத்தானே விடுறதுக்கு!"

"அதுதான் சிக்கல். உங்களிடம் முன்னேற்றத்துக்கு இடமே இல்லை. விதியில் நீங்கள் வரவில்லை."

சிலுப்பிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "நல்லா இருக்கய்யா உங்க நியாயம்! குடியை விட்டவனுக்கு மாலை போடுறீங்க. குடிக்காதவ என்ன குத்தம் செஞ்சா?"

"கோபம் வேண்டாம்," என்றார் குயிலார் தேனாக. "ஒரே ஒரு பருவம் மருந்து அடியுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். சித்திரையில் முதல் தண்ணீரே உங்களுக்குத்தான்!"

திரும்பி வரும் வழியில் நரி காத்திருந்தது. "அக்கா! உனக்கில்லாத மருந்தா? அஞ்சு பையும் ஓசியிலேயே தர்றேன். நீயே வாங்குனா காடே வாங்கும்!"

சிலுப்பி குஞ்சுகளை நினைத்தாள். பைகளை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதே மனசு கூசியது.

வரப்பில் முதல் பையை அவள் கொத்திப் பிரிக்கப் போனபோது, தத்தன் என்ற தவளை வளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"என்னக்கா அது? நமக்குப் புது உரமா?"

சிலுப்பி பையிலிருந்து அலகை எடுத்தாள். தத்தனுக்குப் பின்னால் அதன் கூட்டமே நின்றது. போன மழைக்காலம் தண்டுப்புழுவைத் தின்று தீர்த்து அவளுடைய தினையைக் காப்பாற்றிய கூட்டம் அது.

"உரமில்லடா. என் புத்திகெட்ட வேலை," என்றாள். அலகு வலிக்க வலிக்க ஐந்து பைகளையும் இழுத்துப்போய் நரியின் கடை வாசலில் போட்டுவிட்டு வந்தாள். "வேணாம்! தினை காஞ்சா காயட்டும். உழைச்சுப் போட்டவன் தலையில கல்லைப் போடமாட்டேன்!"

மற்றவர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. ஆண்டுக்கு ஒரு பையோடு நிறுத்திக்கொள்ளும் மானும் முயலும்கூட ஆளுக்கு ஐந்து பை வாங்கின. நரியின் கடையில் அப்படி ஒரு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை.

ஆனால் கேட்டது காலிப் பை. ஐந்து பை மருந்தையும் ஒரே வயலில் கொட்டினால் பயிர் கருகிவிடும். எங்கே கொட்டுவது? கரடிதான் முதலில் வழி கண்டுபிடித்தது. "குளம் பெருசுதானே! நான் ஒருத்தன் கொட்டுறதா தெரியப்போவுது?" என்று சொல்லிக்கொண்டே தன் பைகளைக் குளத்தில் உதறியது. பன்றிக்கும் அதே புத்தி வந்தது. மானுக்கும் முயலுக்கும் வந்தது. ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும்தான் கொட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

சித்திரை முதல் நாள் காலிப் பைகள் மாமரத்தடியில் மலையாகக் குவிந்தன.

"பாருங்கள் அரசே!" என்று குயிலார் குதூகலித்தார். "இத்தனை பேர் மருந்தை விட்டுவிட்டார்கள்! இவ்வளவு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே நமக்குத் தெரியாது!"

"எனக்கும் தெரியாதுங்க," என்றது நரி, மிக உண்மையாக.

மடை திறந்தது. வெற்றி பெற்றவர்களின் வயல்களுக்கு முதல் தண்ணீர் பாய்ந்தது. மூன்றாம் நாள் அந்த வயல்கள் எல்லாம் நெருப்பு வைத்தது மாதிரி கருகின. குளத்தில் ஒரு மீன் இல்லை, ஒரு தவளை இல்லை. நரி அன்றே கடையைச் சாத்திவிட்டுக் கம்பி நீட்டியது.

சிலுப்பியின் காட்டுக்கு அந்தத் தண்ணீர் வரவில்லை. பாதித் தினை வாடிப்போனது. சருகு மூடிய மண்ணில் ஈரம் இருந்த மறுபாதி கதிர் பிடித்தது. ஏழு குஞ்சுகளுக்கு அது போதும்.

தாகத்தோடும் கோபத்தோடும் சிங்கராஜா குளக்கரைக்கு வந்தார். காடே அங்கே கூடியது. குயிலார் அப்போதும் அசரவில்லை.

"அரசே, குளத்தைத் தூய்மையாக்க அடுத்த திட்டம் தயார்! குளத்தை அழுக்காக்கியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். குளத்தில் தவளைகளை மறுபடி குடியேற்றவும் வேண்டும். அதற்குச் சிலுப்பி அம்மா தம் தவளைகளைத் தந்து உதவுவார்!"

"அதுங்க என் சொத்தா, எடுத்துக் குடுக்க?" என்றாள் சிலுப்பி. "அதுங்ககிட்டயே கேளுங்க."

சிலுப்பியோடு வந்திருந்த தத்தன் கரைமேல் ஏறி உட்கார்ந்தது. "வர்றோம் சாமி. தாராளமா வர்றோம். அதுக்கு முன்னாடி அமைச்சரய்யா அந்தக் குளத்துல ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும்!"

சிங்கராஜா குயிலார் பக்கம் திரும்பினார். "குடி!"

குயிலார் குளத்தைப் பார்த்தார். சிங்கத்தின் வாயைப் பார்த்தார். விருட்டென்று பறந்தவர்தான். அடர்ந்த இலைக்குள் போய் ஒளிந்தவர் இன்றுவரை வெளியே வரவில்லை. அதனால்தான் குயிலின் குரல் மட்டும் நமக்குக் கேட்கிறது, ஆள் கண்ணில் படுவதே இல்லை. எந்தக் கிளையிலாவது இன்னும் திட்டம் அறிவித்துக்கொண்டிருப்பார்!

தப்பை விட்டவனுக்கு மட்டுமே பரிசு என்று சட்டம் போட்டால், பரிசுக்காகவே ஊரெல்லாம் தப்புச் செய்யும். தப்பே செய்யாதவன்தான் தண்டனை அனுபவிப்பான்.